ஆழ்கடல் மீன்களின் ஊரும் பேரும்

குறிஞ்சியில் இருந்துகொண்டு நெய்தலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். டயகமத் தேயிலை மலைகளில் ஆசிரியப் பணி புரியும் நமக்கும் ஆழ்கடலுக்கும் யாது தொடர்பு என்பது நம் மாணவரும் கேட்கும் கேள்வியே. தொடர்பு உண்டு. டயகம, அக்கரப்பத்தனைப் பகுதிகளில் ஊறும் நீர் அக்கரா ஓயாவாக இறங்கிக் கொத்மலை ஓயாவாகி, மகாவலியோடு கலக்கின்றது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பேராறு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. ஆறு அங்கே முடிந்தாலும் பள்ளம் முடிவதில்லை. குடாவுக்குள்ளேயே தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று மூவாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிச் செல்கின்றது. நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றரே. அம்மலையை அடியோடு பெயர்த்து அப்பள்ளத்தின் ஆழ்ந்த பகுதியில் நிறுத்தினும் அதன் முடி நீருக்குள்ளேயே மறைந்து நிற்கும்.

நம் மலைநீர் சென்று சேரும் அவ்விருண்ட நாட்டில் வாழும் மீன்களைப் பற்றியதே இக்கட்டுரை. அவற்றின் வியத்தகு உடலமைப்பைப் பாடநூல்கள் ஓரளவு கூறும். ஆயின், அவை எங்கெங்கு வாழ்கின்றன என்பது எவ்வாறு அறியப்படுகின்றது என்பதை எடுத்துரைப்பார் சிலரே. 'அரிய ஆழ்கடல் மீன்: இக்கடலில் முதற் பதிவு' என்னும் பொருள்பட விஞ்ஞானச் சஞ்சிகைகளில் ஆண்டுதோறும் குறிப்புகள் வெளிவருகின்றன. இவற்றைப் புதிய பரம்பற் பதிவுகள் என்பர். செய்தித்தாளில் இதனைக் காணும் பொதுமக்கள், புதிய மீன் ஒன்று நம் கடலுக்கு வந்துவிட்டது என்று பொருள் கொள்கின்றனர். அப்பொருள் பெரும்பாலும் பொருந்தாது. மீன் அங்கே முன்னரே இருந்தது. மீனைப் பற்றிய அறிவே புதிதாக வந்தது. இவ்வேறுபாட்டையும், அதனால் விளையும் பயனையும் விளக்குதலே நம் நோக்கம். நாம் தமிழாசிரியர்; விலங்கியல் வல்லுநர் அல்லேம். ஆயினும், பெயரையும் இடத்தையும் பிழையறக் குறிக்கும் ஒழுக்கம் இவ்விரு துறைக்கும் பொதுவானது ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

ஆழ்கடல் எனப்படுவது யாது?

கரையிலிருந்து கடலின் அடித்தளம் சிறிது தூரம் மெல்லச் சரிந்து செல்லும். இதனைக் கண்டமேடை என்பர். இலங்கையைச் சூழ்ந்துள்ள கண்டமேடை ஒடுங்கியது. அதன் சராசரி அகலம் ஏறத்தாழ 22 கிலோமீற்றரே. அதன் விளிம்பைத் தாண்டியதும் அடித்தளம் செங்குத்தாக இறங்கிவிடுகின்றது. 200 மீற்றருக்குக் கீழுள்ள நீரை ஆழ்கடல் என்று கொள்ளுதல் அறிஞர் வழக்கு. அங்கே ஞாயிற்றின் ஒளி மங்கத் தொடங்கும். 1,000 மீற்றருக்குக் கீழே பகலொளி என்பது அறவே இல்லை. பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஆகவே, 1,000 மீற்றர் ஆழத்தில் வாழும் மீனின் உடலில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் ஏறத்தாழ 1,500 இறாத்தல் பாரம் அழுத்துகின்றது. உடலினுள்ளும் அதே அமுக்கம் நிலவுவதால் மீன் நசுங்குவதில்லை. அங்குள்ள மீன்களுட் பல தம் உடலிலேயே ஒளியை உண்டாக்குகின்றன. இரை அரிதாகையால், கிடைத்ததைத் தவறவிடாவண்ணம் அகன்ற வாயும் உள்வளைந்த பற்களும் பெற்றவை பல. குளிர்ந்த நீரில் மெல்ல வளர்ந்து, நீண்ட காலம் வாழ்ந்து, குறைவாக ஈனுபவையும் பல. இவ்விறுதி இயல்பை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் அது பயன்படும்.

இவ்வாழத்தில் உயிர் உண்டென்பதையே ஒரு காலத்தில் அறிஞர் நம்பவில்லை. எட்வேட் போர்பஸ் என்னும் பிரித்தானிய இயற்கை நூலார், தாம் ஆராய்ந்த கடலில் ஆழஞ் செல்லச் செல்ல உயிரினம் அருகக் கண்டு, 300 பாகத்துக்குக் கீழே உயிர் இராது என 1840 களில் கருதினார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறடி, நம் கடற்றொழிலாளரிடையே வழங்கும் சொல். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சலஞ்சர்' என்னும் கப்பல் அதனினும் பன்மடங்கு ஆழத்திலிருந்து உயிர்களை வாரியெடுத்து அக்கருத்தைப் பொய்யாக்கியது. 1960 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆந் திகதி ஜாக் பிக்காரும் டொன் வோல்ஷும் பசிபிக் சமுத்திரத்தின் மரியானா அகழியில் ஏறத்தாழ 10,900 மீற்றர் ஆழம் வரை இறங்கி மீண்டனர். 2022 ஆம் ஆண்டில் யப்பானுக்குத் தெற்கேயுள்ள அகழியொன்றில் 8,336 மீற்றர் ஆழத்தில் நீந்திய மீனொன்று படமாக்கப்பட்டது. போர்பஸ் அறிவிற் குறைந்தவர் அல்லர். காணாத இடத்தை இல்லாத இடமாகக் கொண்டமையே அங்கு நேர்ந்தது. ஆழ்கடலைப் பற்றிய அறிவின் வரலாறு முழுவதிலும் இப்பாடமே மீண்டும் மீண்டும் வருகின்றது.

பதிவு எனப்படுவது யாது?

நம் முன்னோர் செய்த நிகண்டுகளில் விலங்கின் பெயர்த் தொகுதி என ஒரு பகுதி உண்டு. பெயரைத் திரட்டிக் காத்த அப்பணி பெரும்பணி. ஆயின், இன்ன மீன் இன்ன கடலில் இன்ன ஆழத்தில் வாழும் என்று கூறுதல் நிகண்டின் நோக்கமன்று. பரம்பற் பதிவு அப்பணியைச் செய்கின்றது. ஒரு பெயரையும் ஓர் இடத்தையும் சான்றோடு பிணைப்பதே பதிவு.

அச்சான்று எவ்வாறு அமையும்? முதலாவது, மீனின் உடல் வேண்டும். அதனைப் போமலினில் இட்டுப் பின்னர் அற்ககோலுக்கு மாற்றி, நூதனசாலையில் இலக்கமிட்டு வைப்பர். இதனை மாதிரி என்பர். இரண்டாவது, அளத்தலும் எண்ணலும் நடைபெறும். தலையின் நீளம், கண்ணின் விட்டம், செட்டைகளிலுள்ள கதிர்கள், பக்கக் கோட்டின் செதில்கள், பூவிலுள்ள முட்கள் என ஒவ்வொன்றும் எண்ணப்படும். மூன்றாவது, அவ்வெண்ணிக்கை அவ்வினத்துக்கு முதன்முதற் பெயரிட்டவர் எழுதிய விவரணத்தோடும், இயலுமாயின் அவர் வைத்த மூலமாதிரியோடும் ஒப்பிடப்படும். இக்காலத்தில் மீனின் இழையத்திலுள்ள பரம்பரைப் பொருளையும் ஒப்பிடுகின்றனர். நான்காவது, பிடித்த இடம், நாள், ஆழம், வலை ஆகியவை எழுதப்படும். இறுதியாக, இவை யாவும் பிற அறிஞரின் ஆய்வுக்குட்பட்டு அச்சேறும். இவற்றுள் இடமும் நாளும் எழுதப்படாது போயின், எத்துணை அரிய மீனும் வெறும் காட்சிப் பொருளாகிவிடும். முகவரியற்ற மடலை எவரிடம் சேர்ப்பது?

ஓரிடத்தில் ஒரு மீன் புதிதாகப் பதியப்படுவதற்குக் காரணங்கள் பல. அம்மீன் அங்கே என்றும் இருந்து, அவ்வாழத்துக்கு வலை இப்பொழுதே சென்றிருக்கலாம். முன்னரே பிடிபட்டு, வேறொரு பெயராற் பிழைபடக் குறிக்கப்பட்டிருக்கலாம். நீரோட்டத்தில் வழிதவறிய தனியொரு மீனாகவும் இருக்கலாம். கடல் வெப்பமடைதலால் மீன் உண்மையிலேயே இடம்பெயர்ந்தும் இருக்கலாம். இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதைத் தனியொரு பதிவு கூறாது. பழைய பதிவுகளும் புதிய பதிவுகளும் தொகுக்கப்பட்டு ஒப்பிடப்படும்பொழுதே அது புலப்படும். ஆதலின், ஒவ்வொரு பதிவும் ஒரு செங்கல், வீடு அன்று.

வரிச்சுறாவின் வரலாறு

நம்மைச் சூழ்ந்த கடல்களின் ஆழத்து மீன்களை முறையாகத் தேடிய முதற் கப்பல்களுள் ஒன்று 'இன்வெஸ்டிகேற்றர்' என்பது. பம்பாயிற் கட்டப்பட்டு 1881 ஆம் ஆண்டில் நீரிறங்கிய அந்நீராவிக் கப்பல் இந்தியக் கடல் அளவைப் பகுதிக்கு உரியது. கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் ஆக்குதலே அதன் தொழில். ஆயினும், இயற்கை நூற்பயிற்சி உடைய மருத்துவர் ஒருவர் அதில் உடன் செல்வது வழக்கமாயிற்று. அவ்வாறு 1888 முதல் 1892 வரை பணிபுரிந்தவர் அல்பிரட் அல்கொக். வங்காள விரிகுடா, அந்தமான் கடல், அரபிக்கடல், மன்னார் வளைகுடா, கொழும்புக்கு அப்பாலுள்ள கடல் எனப் பல இடங்களில் எடுத்த மீன்கள் கல்கத்தா நூதனசாலையிற் சேர்ந்தன. பின்னர் அந்நூதனசாலையின் தலைவரான அல்கொக், அவற்றை ஆராய்ந்து 1899 ஆம் ஆண்டில் இந்திய ஆழ்கடல் மீன்களின் விவரணப் பட்டியலொன்றை வெளியிட்டார். நூற்றாண்டு கடந்தும் அறிஞர் எடுத்தாளும் நூல் அது.

அதே 1899 ஆம் ஆண்டில் அவர் பெயரிட்ட மீன்களுள் ஒன்று, மலையாளக் கரைக்கு அப்பாலிருந்து கிடைத்த சிறு சுறா. நீளம் ஒன்றரை அடிக்குங் குறைவு. உடல் முழுவதும் கருங்கபில நிறக் குறுக்கு வரிகள். அவ்வரிகளைக் கண்டு, ஆபிரிக்க வரிக்குதிரை வகைகளுள் ஒன்றாகிய குவாகாவின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார். அப்பெயரில் ஒரு துயரக் குறிப்பும் உண்டு. தென்னாபிரிக்காவிற் கூட்டங் கூட்டமாய்த் திரிந்த குவாகா வேட்டையால் அழிந்தது; கடைசி விலங்கு 1883 ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் விலங்குச்சாலையில் இறந்தது. அழிந்த விலங்கின் பெயர் தாங்கிய அச்சுறாவும் நெடுங்காலம் ஒருசில மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்டிருந்தது. மலையாளக் கரையை விட்டாற் சோமாலியாவுக்கு அப்பாலேயே அது அறியப்பட்டது. நூல்கள் அதனை 'அரிது' என்றே குறித்தன.

பின்னர் நிகழ்ந்தது யாது? ஆழ்கடல் இறாலைத் தேடிக் கேரள மீனவரின் இழுவைப் படகுகள் ஆழஞ் செல்லத் தொடங்கின. இறாலோடு வேறு மீன்களும் வலையில் ஏறின. இந்திய அறிஞர் சிலர் மீன்பிடித் துறைகளுக்குச் சென்று, விலைபோகாது ஒதுக்கப்பட்ட குவியல்களைக் கிளறி ஆராய்ந்தனர். அவற்றுள் அவ்வரிச்சுறா இருந்தது, ஒன்றன்று, பல. அதன் உணவு, இனப்பெருக்கம் ஆகியவற்றை விளக்கும் கட்டுரை 2013 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அல்கொக்கின் காலத்திலிருந்து நூறாண்டுக்கு மேலாக அரிதாயிருந்தது மீன் அன்று. அவ்வாழத்தைப் பார்த்த கண்ணே அரிதாயிருந்தது. ஆயினும் இங்கே மற்றொரு முகமும் உண்டு. மீனை நமக்கு அறிவித்த வலையே அம்மீனை வாரியெடுக்கும் வலையுமாகும்.

நான்கு ஊர் கண்ட மீன்

பரம்பற் பதிவின் இயல்பை உலகறியக் காட்டிய மீன் சீலக்காந்து. ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்ததெனக் கருதப்பட்ட ஒரு தொல்குடியைச் சேர்ந்தது அது. 1938 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தென்னாபிரிக்காவின் ஈஸ்ற் லண்டன் துறையில், மாஜரி கோட்னி லற்றிமர் என்னும் நூதனசாலைப் பெண்மணி, இழுவைக்கப்பல் கொணர்ந்த குவியலுள் நீலநிறப் பெருமீன் ஒன்றைக் கண்டார். பேராசிரியர் ஜே. எல். பி. சிமித் அதனை அடையாளங்கண்டு, 1939 இல் அப்பெண்மணியின் பெயரையும் சலும்னா ஆற்றின் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார்.

முதற் பதிவு கிடைத்தது. ஆனால், அதுவே அம்மீனின் ஊரா? அது வழிதவறி வந்தது என்பது சிமித்தின் எண்ணம். படத்துடன் நூறு பவுண் பரிசு அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்களைக் கிழக்காபிரிக்கக் கரை நெடுகப் பரப்பினார். பதினான்கு ஆண்டு கழிந்து, 1952 டிசம்பரில், இரண்டாவது மீன் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொமொறோத் தீவிற் கிடைத்தது. அங்குள்ள மீனவருக்கு அது புதிய மீன் அன்று. 'கொம்பெசா' என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். எப்போதாவது தூண்டிலில் ஏறும், சுவையற்ற மீன் என்பதே அவர்தம் மதிப்பு. உலகம் தேடிய மீன் ஓர் ஊரில் வேண்டாத மீனாயிருந்தது.

கொமொறோவே அதன் தாயகம் என நூல்கள் எழுதலாயின. 1997 ஆம் ஆண்டில், அங்கிருந்து ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் கிழக்கே இந்தோனேசியாவின் மனாடோ நகரச் சந்தைக்குள் மீனொன்று வண்டியில் ஏறி வந்தது. தேனிலவுக்கு வந்திருந்த இளம் ஆய்வாளர் மார்க் ஏட்மனும் அவர் மனைவியும் அதனைக் கண்டு படம் எடுத்தனர். மீனோ விற்கப்பட்டுவிட்டது. படம் இருந்தும் உடல் இல்லாமையால் ஐயம் நீங்கவில்லை. அவர் மீனவரிடையே ஊர் ஊராக விசாரித்தார். 1998 ஜூலையில் மற்றொன்று கிடைத்த பின்னரே ஐயம் தீர்ந்தது. 1999 இல் அது வேறோர் இனமெனப் பெயர் பெற்றது. அங்கும் மீனவர் அதற்குப் பெயர் வைத்திருந்தனர்; 'கடலரசன்' என்பது அதன் பொருள். 2000 ஆம் ஆண்டிலோ, தென்னாபிரிக்காவின் சொட்வானாக் குடாவில் நூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் முக்குளித்தோர் அங்கும் உயிருடன் வாழும் சீலக்காந்துகளைக் கண்டனர். 'வழிதவறிய மீன்' என்ற கருத்தை மீண்டும் ஆராய வேண்டியதாயிற்று. முதலிற் கண்ட ஊர் முழு ஊர் ஆகாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நம் கடலின் பட்டியல்

இலங்கையைச் சூழ்ந்த கடல் மீன்களுக்கும் பட்டியல்கள் உண்டு. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல வரைந்த மீன் ஓவியத் தொகுதி 1952 ஆம் ஆண்டிலும், அவுஸ்திரேலிய அறிஞர் இயன் மன்றோ எழுதிய இலங்கைக் கடல் மீன், நன்னீர் மீன் நூல் 1955 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1978 முதல் 1980 வரை நோர்வே நாட்டின் 'பிரிட்ஜொவ் நான்சன்' ஆய்வுக்கப்பல் நம் கடலிற் பணிபுரிந்தது. 2018 ஆம் ஆண்டில் அப்பெயரே தாங்கிய புதிய கப்பலொன்று, நாரா எனப்படும் நம் நாட்டு நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து மீண்டும் கண்டமேடையையும் அதன் சாய்வையும் ஆராய்ந்தது. அதன் பயனாகப் பழைய பட்டியல்களில் இல்லாத மீன்கள் சில, இலங்கைக்கு முதற் பதிவாக அச்சேறின.

பெரிய மீன்களே இவ்வாறு தப்பியிருந்தன என்பது வியப்பு. 1976 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுக்கு அப்பால், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கப்பலின் கடல் நங்கூரத்திற் சிக்கி, பதினான்கடிக்கு மேல் நீளமுள்ள சுறாவொன்று மேலே வந்தது. அகன்ற வாயும் மெத்தென்ற உடலுங் கொண்ட அது, அறிஞர் எவரும் அதுவரை அறியாத குடும்பத்தைச் சேர்ந்தது. பகலில் ஆழத்திலும் இரவில் மேல்நீருக்கு அண்மையிலும் உலவி நுண்ணுயிர்களை வடித்துண்ணும் அப்பெருவாய்ச் சுறா 1983 இற் பெயர் பெற்றது. அது இலங்கைக் கடலிலும் உண்டென்பதற்கான முதற் பதிவு 2015 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அப்பதிவை ஈந்தது ஆய்வுக்கப்பல் அன்று; மீனவர் கரைசேர்த்த மீன்.

மறுகரையையும் ஒரு சொல்லாற் குறித்தல் தகும். நம் மலையக முன்னோர் இக்கரைக்கு வரும் வழியில் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமை நாம் பாட்டன் பாட்டியர் வாயிலாகக் கேட்டறிந்துள்ளோம். 1947 இல் நிறுவப்பெற்ற இந்திய நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை அம்மண்டபம் முகாமிலேயே இயங்கியது. நம்மவர் அச்சத்தோடு கடந்த கடலை, அதே கரையில் நின்று பின்னர் அறிஞர் ஆராய்ந்தனர்.

பொய்யான ஊர்

ஊரைப் பிழைபடக் கூறினால் விளையுங் கேட்டுக்கு அண்மைக்காலச் சான்றுகள் உண்டு. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்த சில நாட்களில், விகார உருவமுள்ள ஆழ்கடல் மீன்களின் படங்கள் கணினி மடல்கள் வழியாக உலகெங்கும் பரவின. அலை அவற்றைச் சென்னைக் கரையில் ஒதுக்கியது என்பது உடன் வந்த செய்தி. உண்மையில் அவை 2003 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து அறிஞர் தாஸ்மான் கடலில் நிகழ்த்திய ஆய்வுப் பயணத்தில் எடுக்கப்பட்ட படங்கள். மீன் மெய், படம் மெய், ஊர் மட்டும் பொய். ஊர் பொய்யானதும் முழுவதும் பொய்யாயிற்று. துயருற்றிருந்த மக்களின் அச்சத்தை அது மேலும் வளர்த்தது.

துடுப்பு மீன் எனத் தக்க நீண்ட வெள்ளி நாடா போன்ற ஆழ்கடல் மீனொன்று உண்டு. 2025 ஆம் ஆண்டில் தமிழகக் கடலில் அத்தகைய மீன் பிடிபட்டபொழுது, ஊழிக்கு முன்னறிகுறி என்று பலர் நடுங்கினர். அம்மீன் நில நடுக்கத்தை முன்னறிவிக்கும் என்பது யப்பானியரிடையே வழங்கிய நம்பிக்கை. யப்பானிய அறிஞர் அம்மீன் கரையொதுங்கிய பதிவுகளையும் நில நடுக்கப் பதிவுகளையும் அடுக்கி ஒப்பிட்டு, இரண்டிற்கும் தொடர்பில்லை என 2019 இல் எழுதினர். நாளும் இடமும் குறிக்கப்பட்ட பதிவுகள் இருந்தமையாலேயே அவ்வச்சத்தை ஆராய முடிந்தது. மேலும், அம்மீன் நம் பக்கத்துக்குப் புதியதும் அன்று. விசாகப்பட்டினத்தில் மீன்களை ஆராய்ந்து 1803 இல் நூல் வெளியிட்ட பற்றிக் ரசல் என்பாரின் பெயரையே அது தாங்குகின்றது. 1816 இல் அப்பெயர் சூட்டப்பெற்றது. கண்ணாடி விரியன் பாம்பும் ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இரு நூற்றாண்டுக்கு முன்னரே இக்கரையிற் பதியப்பட்ட மீனைக் கண்டு இன்று ஊழி வந்ததென அஞ்சுதல், பழைய ஏட்டைப் புரட்டாமையின் விளைவேயாம்.

காலந்தாழ்த்திய பதிவு

இப்பதிவுகள் அறிஞரின் பொழுதுபோக்கு என்று எவரும் எண்ணற்க. மாலைதீவில் ஆழ்கடற் சுறாக்களை அவற்றின் ஈரலெண்ணெய்க்காகப் பிடிக்கும் தொழில் 1980 ஆம் ஆண்டளவில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உச்சம் கண்டு, பின்னர் சரிந்தது. அச்சுறாக்கள் மிகச் சில குட்டிகளையே ஈனுபவை. எடுத்த வேகத்தில் அவை பெருகவில்லை. 2010 ஆம் ஆண்டில் அந்நாடு சுறா பிடித்தலை முற்றாகத் தடை செய்தது. நியூசிலாந்துக்கு அப்பால் ஆழத்தில் வாழும் செம்மஞ்சள் நிற மீனொன்று நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. அதன் கூட்டங்களும் சில பத்தாண்டுகளிலேயே பெரிதுங் குறைந்தன. மெல்ல வளர்ந்து குறைவாக ஈனும் இயல்பை முன்னர் குறிப்பிட்டோம். கண்டமேடை மீன் குறையக் குறைய வலைகள் ஆழத்தை நாடுகின்றன. எந்த மீன் எங்கே எவ்வளவு இருந்தது என்ற பழைய கணக்கு இல்லையாயின், எவ்வளவு குறைந்தது என்பதை எவர் கூற வல்லார்? கணக்கெழுதாத பெட்டியிற் களவு போனது தெரியாது.

இத்துடன் சொல்லும் அழிகின்றது. கொம்பெசா என்ற பெயரும் கடலரசன் என்ற பெயரும் அறிஞர் வருமுன்னரே இருந்தன. நம் கரையோரத் தமிழரிடமும் இத்தகைய பெயர்கள் உள்ளன. ஒரு துறையில் வழங்கும் பெயர் அடுத்த துறையில் வழங்காது. அவற்றைத் திரட்டாது விடின், மீன் இருக்கவே பெயர் மறைந்துபோகும். தமிழ் கற்பிப்போர் இதனைப் பிறர் வேலை என்று விடலாகாது.

நாம் செய்யத்தக்கவை

நம் கல்லூரியின் பழைய மாணவருள் கரையோரத்தில் வாழ்வோர் பலர். மீன்வாடியிலோ சந்தையிலோ முன்னர் காணாத மீனைக் காணின், அதனை அளவுகோலோடு வைத்துப் பக்கவாட்டிற் படமெடுங்கள். பிடித்த இடம், நாள், ஆழம், வலை ஆகியவற்றை மீனவரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் கூறும் பெயரை அவர் ஒலித்தவாறே எழுதுங்கள். இயலுமாயின் மீனைப் பனிக்கட்டியில் வைத்து, அண்மையிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ நாரா நிறுவனத்துக்கோ நூதனசாலைக்கோ அறிவியுங்கள். அறியாததை ஊகித்து எழுதவேண்டா, வெற்றிடமாக விடுங்கள். வெற்றிடத்தைப் பின்வருவோர் நிரப்புவர். பொய்யை நீக்குதல் எளிதன்று.

கடலைக் காணாத மலையக மாணவருக்கும் இதில் இடம் உண்டு. மகாவலியில் வாழும் விலாங்கு முதிர்ந்தபின் ஆற்றோடு இறங்கிக் கடலின் ஆழத்தை நாடிச் சென்றே முட்டையிடும். அதன் குஞ்சுகள் மீண்டும் ஆறேறி வரும். மலை ஓடையையும் ஆழ்கடலையும் ஒரே வாழ்நாளிற் பிணைக்கும் மீன் அது. அதன் வழியில் 1976 இல் பொல்கொல்லை அணையும், 1985 இல் விக்டோரியா, கொத்மலை அணைகளும், 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையும் எழுந்தன. நாட்டுக்கு ஒளி தந்த அணைகள் அவை. அவற்றுக்கு முன் நம் ஓடைகளில் விலாங்கு எவ்வளவு தூரம் ஏறி வந்தது? அதனைக் கண்டவர், பிடித்தவர், உண்டவர் நம் லயங்களில் முதுமையுற்று இருத்தல் கூடும். இவ்வினாவை அவர்களிடம் இன்றே கேளுங்கள். எந்த ஓடை, எந்த ஆண்டளவு, எவ்வளவு நீளம், என்ன பெயர் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, கூறியவரின் வயதையும் கேட்ட நாளையும் குறியுங்கள். 'கண்டதில்லை' என்று கூறினும் அதனையும் எழுதுங்கள். அம்முதியோர் மறையின் அப்பதிவுக்கு இரண்டாவது வாய்ப்பில்லை. அல்கொக்குக்குக் கப்பல் வேண்டியிருந்தது. இதற்கு ஒரு கொப்பியும் பெரியோரிடம் பணிந்து கேட்கும் பண்புமே போதும்.